மாடியில் சாமி, கீழே அம்மா

லண்டனில் ஹரோ, வெம்பிளிப் பக்கம் நம்மவர்கள் வாங்கிக் குடியேறிய வீடுகள் பல 1930களில் கட்டப்பட்டவை. கதவைத் திறந்தால் ஒடுங்கலான நடை. நடையை ஒட்டியபடி மேலே ஏறும் 13 படிகள். கீழே முன்னறையும் குசினியும். படுக்கையறை, குளியலறை, கழிப்பறை எல்லாம் மேலே. வீடு பார்க்கப் போகிறவர்கள் ஸ்டேஷன் எவ்வளவு தூரம், பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் கிடைக்கும், மோர்ட்கேஜ் எவ்வளவு வரும் என்று கேட்பார்கள். முப்பது வயதில் படிகளை யார் எண்ணுகிறார்கள்? எங்கள் வீட்டிலும் மேலேயுள்ள மூன்று அறைகளில் மிகச் சின்னது சாமியறை ஆனது. ஊரிலிருந்து வந்த பிள்ளையாரும் முருகன் படமும் குத்துவிளக்கும் அங்கே இருக்கின்றன. பக்கத்தில் அப்பாவின் படம்.

அம்மா பிறந்து வளர்ந்த வீட்டில், விறாந்தைக்கு ஏறும் இரண்டு படியைத் தவிர, படி என்று ஒன்று கிடையாது. இணுவிலில் அம்மப்பா கட்டிய நாற்சார் வீடு அது. அம்மப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது நான் சின்னப்பிள்ளை. சாய்மனைக் கதிரையை விறாந்தையில், படலையைப் பார்த்தபடி போட்டார்கள். அன்றிலிருந்து வீட்டின் நடுவே அவர்தான். தபால்காரர், புகையிலைக்கு விலை பேச வருபவர், கலியாணம் சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் அவரைக் கடந்துதான் உள்ளே போகவேண்டும். பேச்சுக் குழறினாலும் தோட்டத்துக்கு யார் எப்போது தண்ணீர் இறைப்பது என்பதை அந்தக் கதிரையில் இருந்தபடியே அவர் தீர்த்துவைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாங்கள் புத்தகப் பையை எறிவது அவருடைய காலடியில்தான்.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வராது. கக்கூசு வளவின் கோடியில் இருந்தது. இரவில் அரிக்கன் லாம்பு ஒருவர் பிடிக்க, மாமாமார் இருவர் கைகளைக் கோத்து அவரை இருத்தித் தூக்கிப்போவார்கள். மாமாமார் வேலைக்குப் போன பகலில் தூக்கியது அம்மம்மாவும் பெரியம்மாவும். கிணற்றடியில் குளிக்க வார்ப்பதும், ஈரத் துணி மாற்றுவதும், புரட்டிப் படுக்க வைப்பதும் அவர்கள்தான். அந்த ஆண்டுகளில் பிடித்துக்கொண்ட அம்மம்மாவின் இடுப்பு பிறகு நிமிரவே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

அம்மா லண்டன் வந்தது அறுபது வயது கடந்த பிறகு. சில காலம் படிகள் அவரை ஒன்றும் செய்யவில்லை. பிறகு வலது முழங்கால் தேய்ந்தது. கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, நல்ல காலை முதலில் வைத்து, மற்றக் காலை இழுத்துக்கொண்டு ஏறுவார். இறங்கும்போது யாரும் பார்க்காவிட்டால் படியில் குந்தி, ஒவ்வொன்றாகச் சறுக்கி இறங்குவார். மாலைத் தேநீரை வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினார். கழிப்பறை மேலே என்பதுதான் காரணம் என்று எனக்குப் புரிந்தபோது நெஞ்சு அடைத்தது. வயதானவர்கள் தாகத்தை அடக்குவது இப்படித்தான் தொடங்குகிறது. நீர் குறைந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தலைசுற்றல், கடைசியில் எதற்குப் பயந்தார்களோ அந்த விழுகை.

தம்பி ஒரு வழி சொன்னான். "முன்னறையில கட்டிலைப் போட்டு, பக்கத்தில ஒரு கொமோட்டை வச்சா முடிஞ்சுது தானே அக்கா."

அம்மா உடனே மறுத்தார். "அதில நான் படுத்தா வாற ஆக்கள் எங்க இருக்கிறது? குளிக்காமல் சாமிக்கு எப்பிடி விளக்கு வைக்கிறது?"

தம்பி கெட்டவன் அல்ல. பல வீடுகளில் இதைத்தான் செய்கிறார்கள், சிலருக்கு அது நல்ல வழியும்தான். ஆனால் எங்கள் முன்னறை அம்மப்பாவின் விறாந்தை ஆகாது. பகலில் நாங்கள் வேலைக்குப் போய்விடுவோம். பள்ளியால் வரும் பிள்ளைகள் நேரே மேலே தங்கள் அறைக்குப் போய்விடுவார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் இந்த வீடு மாடியில்தான் வாழ்கிறது. ஓரடி எடுத்து வைக்கமுடியாத அம்மப்பா வீட்டின் நடுவில் இருந்தார். இன்னும் தானே குளித்து, தானே சமைத்து, பேத்திக்குத் தலை பின்னிவிடக்கூடிய அம்மா, நாங்கள் எல்லாரும் மேலே இருக்க, கீழே தனியே கிடக்கவேண்டும். இதற்கு நான் சம்மதிக்கமாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

மிஞ்சிய வழி ஸ்டெயர்லிஃப்ட். அது பிறந்த கதையும் இப்படி ஒரு பிரிவில்தான் தொடங்குகிறது. 1920களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சி. சி. கிரிஸ்பன் என்பவர், நோயால் மாடி அறையிலேயே முடங்கிப்போன நண்பரைப் பார்த்துவிட்டு வந்து, படிமேல் ஏறி இறங்கும் ஓர் இருக்கையைச் செய்தார். அவருடைய நண்பர் கீழே வரமுடியாதவர், என் அம்மா மேலே போகமுடியாதவர்.

விளம்பரம் பார்த்து ஒரு நிறுவனத்தை அழைத்தோம். வந்தவர் லேசர் கருவியால் படிகளை மளமளவென்று அளந்தார். அம்மாவை அளக்கவில்லை. பேச்சு முழுக்க என்னோடு. அம்மா பக்கத்திலேயே இருக்க, "அவவால பெல்ட்டைப் பூட்ட முடியுமா?" என்பதைக்கூட என்னிடம்தான் கேட்டார். இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் விலை பெரிதாகக் குறையும் என்றார். பிள்ளைகள் அருகில் இல்லாத எத்தனை முதியவர்களை இந்த ஒரு வசனம் கையெழுத்துப் போடவைத்திருக்கும் என்று நினைக்க வயிறு எரிகிறது. வீட்டுக்கு வந்து விற்கிறவர்களோடு செய்யும் ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் கைவிட 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகள் இடம் தருகின்றன. ஆனால் ஒருவருடைய அளவுக்கென்றே செய்யும் பொருளுக்கு அந்த உரிமை இல்லை. வளைந்த படிக்குச் செய்யும் தண்டவாளம் அந்த வகைதான். நேரான படி என்றால் தண்டவாளத்தை நீளத்துக்கு வெட்டிப் பூட்டலாம், பிறகு கழற்றி வேறு வீட்டுக்கும் கொண்டுபோகலாம். அதனால் பழையதும் கிடைக்கும், வாடகைக்கும் கிடைக்கும். படி நடுவில் திரும்பினால் விலை பல மடங்கு. அதைப் பின்னர் வாங்க ஆளும் இருக்காது. ஆகவே வளைந்த படி உள்ளவர்கள் ஒருவரிடம் மட்டும் விலை கேட்டு முடிவெடுக்கவே கூடாது.

கவுன்சிலுக்கு எழுதிய பிறகு, ஓ.டி. என்று எல்லாரும் சொல்லும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் வந்தார். இளம்பெண். வந்ததும் அம்மாவின் கதிரைக்கு முன்னால் தரையில் குந்தி, அவருடைய முகத்தைப் பார்த்து, "மேலே உங்களுக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நான் தமிழில் சொல்லி முடிக்குமுன் அம்மா "சாமி" என்றார். அதற்குப் பிறகுதான் குளியலறையும் கட்டிலும் வந்தன. அந்தப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பிறகு அம்மாவை எழுந்து இருக்கச் சொல்லிப் பார்த்தார். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை அளந்தார். எந்தக் கைக்குப் பலம், எந்த விரலால் ஆளியை அழுத்தி வைத்திருக்க முடியும் என்று பார்த்தார். விரலை எடுத்தால் கதிரை நின்றுவிடும் என்பதால் மூட்டுவாதம் உள்ள கைக்கு இது முக்கியம். முழங்கால் மடியவே மடியாதவர்களுக்குப் பாதி நின்றபடி சாய்ந்து போகும் இருக்கை உண்டு. அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. ஞாபகம் தடுமாறுகிறவர்கள் பாதி வழியில் பெல்ட்டைக் கழற்றி எழும்பிவிடலாம், அவர்களுக்கு இந்தக் கதிரையே சரிவராமல் போகலாம் என்றார். கடைசியாக அவருடைய கண் அம்மாவின் சீலைத் தலைப்பில் நின்றது. கால்தட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே துணி சிக்கக்கூடாது. அம்மா எழுந்து, தலைப்பைச் சுற்றி இடுப்பில் செருகி, கொசுவத்தை முழங்காலுக்கு மேல் ஒதுக்கி இருந்து காட்டினார். தோட்டத்தில் வேலை செய்யும்போது அம்மம்மா செருகுவதும் அப்படித்தான்.

அந்தப் பெண் மிகவும் வற்புறுத்திச் சொன்னது, உச்சியில் கதிரை திரும்பிப் பூட்டிக்கொள்ளவேண்டும் என்பது. இறங்குகிறவருடைய கால் மாடித் தரையில் இருக்கவேண்டும், படியின் பள்ளத்துக்கு மேல் அல்ல. ஸ்டெயர்லிஃப்ட் வாங்குகிறவர்கள் துணியின் நிறத்தையும் மெத்தையையும் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்கவேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உடல் இயலாதோருக்கான வீட்டு மாற்ற மானியம் இருக்கிறது. இங்கிலாந்தில் 30,000 பவுண்டு வரை, வேல்ஸில் 36,000 வரை. இங்கிலாந்தில் பெரியவர் ஒருவருக்கென்றால் அவருடைய வருமானத்தையும் சேமிப்பையும், துணை இருந்தால் அவருடையதையும்தான் பார்ப்பார்கள். கூட இருக்கும் மகளின் சம்பளத்தை அல்ல. முழு விண்ணப்பம் கொடுத்தால் கவுன்சில் 6 மாதத்துக்குள் பதில் சொல்லவேண்டும். அனுமதி வருமுன் வேலையைத் தொடங்கினால் மானியம் போய்விடக்கூடும். எங்களுக்குக் கிடைத்தது, ஆனால் காத்திருப்பு நீண்டது. அந்த இடைவெளியில் மறுபக்கச் சுவரிலும் ஒரு கைப்பிடி பூட்டித் தந்தார்கள். கைக்காசில் வாங்குகிறவர்கள் வாட் பற்றிக் கேட்கவேண்டும். நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர் தன் தேவைக்கு வாங்கினால் வாட் இல்லை. 60 வயது கடந்தவர் வீட்டில் பூட்டுவதற்கு 5 வீதம்தான்.

பூட்ட வந்தவர்கள் சுவரைத் தொடவில்லை. தண்டவாளத்தின் கால்களைப் படிப்பலகையில் திருகினார்கள். மதியத்துக்குள் வேலை முடிந்தது. கதிரையை மடித்துவிட்டால் மற்றவர்கள் பக்கத்தால் ஏறிப்போகலாம். பேரப்பிள்ளைகள் ஏறி விளையாடாமல் திறப்பை எடுத்து வைக்கலாம்.

அம்மா பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "கரண்ட் போனா நடுவழியில நிக்குமோ?" 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாமல், ஜாம் போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்த வீட்டிலிருந்து வந்தவர் வேறென்ன கேட்பார்? கதிரை ஓடுவது உள்ளேயிருக்கும் பேட்டரியில். மேலும் கீழும் நிற்கிற இடங்களில் அது சார்ஜ் ஆகிக்கொள்ளும். கரண்ட் போனாலும் சில தடவை ஏறி இறங்கலாம். பூட்டியவர் சுவரில் ஆளியை அணைத்துக் காட்டிய பிறகுதான் அம்மா விரலை அழுத்தினார்.

இப்போது காலையில் குளித்துவிட்டு நேரே சாமியறைக்குப் போகிறார். மாலைத் தேநீர் திரும்பி வந்துவிட்டது. இரவில் பேத்தியின் கட்டில் ஓரத்தில் இருந்து இணுவில் கதை சொல்கிறார். அவரைத் தூக்கி யாருடைய இடுப்பும் போகவில்லை.

டொரன்டோவில் சின்னம்மாவுக்கும் முழங்கால் போய்விட்டது. போன ஞாயிறு அம்மா தொலைபேசியில் அவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். "முதல் வாற ஆளிட்டையே கையெழுத்துப் போட்டிடாத. மேல போனாப் பிறகு கதிரை திரும்புமோ எண்டு கேள். திரும்பாட்டி வேண்டாம் எண்டு சொல்லு. சீலையோட ஒருக்கா இருந்து பார். பிள்ளையளோட கதைக்க விடாத, உன்னோட கதைக்கச் சொல்லு." சின்னம்மா வீட்டுப் படி நடுவில் திரும்புகிறது. அளவெடுக்க ஆள் வரும் நாளில் தன்னையும் வீடியோ அழைப்பில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார் அம்மா. கேட்கவேண்டியவற்றைச் சாமியறைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கிவிட்டார்.