குனிந்த தலை நிமிராதவர்

தமிழகக் கல்லூரி வளாகங்களில் இன்று எங்கும் தென்படும் ஒரு மாணவ வகையினரைக் குறிக்கப் புதிய பெயர் தேட வேண்டியதில்லை. அடக்கத்தைப் புகழப் பெரியவர்கள் வழங்கிவந்த ‘குனிந்த தலை நிமிராதவர்’ என்ற தொடரே போதும். பெண்பிள்ளைகளிடம் மட்டும் எதிர்பார்க்கப்பட்ட அந்த ஒழுக்கத்தை, கைப்பேசி வந்தபின் இவ்வகையினர் ஆண் பெண் பேதமின்றி நாள் முழுவதும் கடைப்பிடிக்கின்றனர்.

இவருடைய நிலைகள் மூன்று. வகுப்பில் கைப்பேசி மேசைக்கடியில் மடிமீது இருப்பதால், மோவாய் மார்பைத் தொட, பாடக்குறிப்பில் ஆழ்ந்தவர் போன்ற தோற்றம் இவருக்கு வாய்க்கிறது. விடுதி மெஸ்ஸில் இடக்கையில் கைப்பேசியும் வலக்கையில் சாம்பார் சோறுமாக அமர்ந்து, வழக்கமாக ஒதுக்கிவைக்கும் கறிவேப்பிலையையும் அறியாமலே விழுங்கிவிடுகிறார். இப்பழக்கத்தால் உடலுக்கு விளையும் ஒரே நன்மை இதுவாகவே இருக்கக்கூடும். இரவில் அவர் தலைவைத்துப் படுக்கும் திசையை முடிவுசெய்வது வாஸ்து அன்று, பிளக் பாயிண்ட்டிலிருந்து புறப்படும் ஒரு மீட்டர் சார்ஜர் ஒயரே. ஒயர் எட்டாவிட்டால் அவர் அதை நோக்கி வளைவாரே தவிர, எழுந்து கட்டிலை நகர்த்தமாட்டார்.

இவ்வளைவுகளின் சுமையைத் தாங்குபவை, மண்டையோட்டுக்குக் கீழே அடுக்கப்பட்ட ஏழு கழுத்து முள்ளெலும்புகளும் அவற்றை இழுத்துப்பிடிக்கும் பிடரித் தசைகளும் ஆகும். வளர்ந்தவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ளது. நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் வெளியிட்ட கணினி மாதிரிக் கணக்கின்படி, தலை 15 பாகை முன்சாயும்போது கழுத்தின்மீது விழும் விசை 12 கிலோ அளவுக்கும், 60 பாகை சாயும்போது 27 கிலோ அளவுக்கும் உயர்கிறது. விடுமுறையில் 25 கிலோ அரிசிச் சிப்பத்தை மாடிக்கு ஏற்றச் சொன்னால் முதுகு பிடித்துக்கொண்டது என்று தாயிடம் முறையிடுபவர், அதைவிடக் கூடிய பாரத்தைச் செமஸ்டர் முழுவதும் முகஞ்சுளிக்காமல் சுமக்கிறார் என்பது கருதத்தக்கது.

கட்டைவிரலின் நிலையும் இரங்கத்தக்கதே. அதை அசைக்கும் தசைநாண்கள், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற இழைகள், மணிக்கட்டில் ஓர் ஒடுக்கமான உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்து வலிக்கும் நிலையை 1895இல் விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குவெர்வைனின் பெயராலேயே அந்நோய் வழங்குகிறது. ரீல்ஸைத் தள்ளித்தள்ளியே அவ்வலியை வரவழைத்துக்கொள்ளும் இவர், முழங்கையை மடக்கியபடி நெடுநேரம் படுப்பதால் அங்குள்ள நரம்பு அழுந்திச் சுண்டுவிரல் மரத்துப்போகும்போது, கைப்பேசியை மறுகைக்கு மாற்றுவதையே சிகிச்சையாகக் கொள்கிறார்.

கண்டிப்போரிடம் எடுத்துக்காட்ட இவரிடம் ஆதாரமும் உண்டு. ரியோ டி ஜெனிரோவில் 18 முதல் 21 வயதுடையோரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ‘டெக்ஸ்ட் நெக்’ எனப்படும் கைப்பேசிக் குனிவுக்கும் கழுத்துவலிக்கும் தொடர்பு காணவில்லை. பாடநூலின் முன்னுரையைக்கூட முடித்திராத இவர், இச்செய்தியை மட்டும் முழுமையாகப் படித்து நண்பர் குழுவில் பகிர்கிறார். அவ்வாய்வு குனிவின் மீதான ஐயத்தைத் தளர்த்தினாலும், ஒரே நிலையில் அசையாமல் கிடப்பதற்கு அனுமதி வழங்கவில்லை என்பதை அவர் கவனிப்பதில்லை. எந்த நிலையாயினும் அதை அடிக்கடி மாற்றுவதும், இடையிடையே எழுந்து நடப்பதும், தோள்களை அசைப்பதுமே இயன்முறை மருத்துவர்கள் வலியுறுத்துவன.

கைப்பேசியைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடிக்கலாம் என்ற அறிவுரையை இவர் ஒருமுறை டவுன் பஸ்ஸில் பின்பற்றியபோது, எதிர் இருக்கைப் பெண்மணி தம்மைப் படம்பிடிப்பதாக எண்ணி முறைத்ததால், குனிவதே மரியாதை என்ற முடிவுக்கு வந்தார். ஆகவே இவரைக் கட்டிலிலிருந்து எழுப்பவல்ல ஒரே மருத்துவராக நெடுங்காலம் விளங்கியது, சார்ஜ் தீர்ந்து அணையும் திரைதான். பிறந்தநாள் பரிசாகப் பவர் பேங்க் வாங்கித் தந்து அந்த மருத்துவரையும் வீட்டுக்கு அனுப்பியவர்கள், ‘எப்போதும் இப்படியே கிடக்கிறானே’ என்று வருந்தும் இவருடைய பெற்றோரே ஆவர்.