டிராக்டர் ஏற்றலாம், தலையில் வைக்கக் கூடாது

சஸ்கட்டூன்,
ஜூலை 6

அன்புள்ள அம்மா,

"படம் படமா அனுப்புறியே, அதுல ஒரு பூவைப் பறிச்சு புஸ்தகத்துக்குள்ள வெச்சு அனுப்பினா என்ன?" என்று கேட்டிருந்தாய். அனுப்பலாம். உன் மாப்பிள்ளை என்னை ஜாமீனில் எடுக்கத் தயாராக இருந்தால்.

சிரிக்காதே. பிரெய்ரி லில்லி 1941-லிருந்து இந்த சஸ்காச்சுவான் மாகாணத்தின் பூ. 1969-ல் கொடியிலேயே ஏறிவிட்டது. பறிக்கக் கூடாது, பிடுங்கக் கூடாது, எந்த வகையிலும் அழிக்கக் கூடாது என்று சட்டம். தொழில் நிமித்தம் நிலத்தை உழும்போது போனால் பரவாயில்லையாம். ஆக, டிராக்டர் ஏற்றலாம். தலையில்தான் வைக்கக் கூடாது. "என் தொழிலும் இதுதானே, வரையறதுக்காக ஒண்ணே ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். காரணம் இல்லாமல் இல்லை. தண்டோடு பறித்தால் இலையும் போய்விடும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு பட்டினி கிடந்து செத்துப்போகும். எல்லாம் சரி. உன் வயிற்றில் பிறந்து, பக்கத்து வீட்டு நந்தியாவட்டையை விடியுமுன் காலி செய்து வளர்ந்தவளுக்கு இது அடுக்குமா?

பூ வீட்டுக்கு வராது. நான்தான் போகிறேன். நம்ம செங்காந்தள் மாதிரி தலைகுனியாது. ஆறு இதழும் வானத்தைப் பார்த்து, கிண்ணம் மாதிரி நிற்கும். உயரம் ஒரு முழம்கூட இல்லை. போன சனிக்கிழமை சரளை ரோட்டோரப் பள்ளத்தில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் மூன்று வண்டி நின்றது. முதல் ஆள் "நெஞ்சு வலியா?" என்றார். அடுத்து வந்த அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மூன்றாவதாக ஒரு தாத்தா. என்னை ஒன்றும் கேட்கவில்லை, பூவை எண்ணினார். எல்லாம் இருந்தது. அதற்கப்புறம்தான் குட் ஆப்டர்நூன்.

இந்த ஊர்க் காற்றில் தூரிகையைத் தோய்த்து எடுப்பதற்குள் காகிதம் அப்பளமாகக் காய்ந்துவிடுகிறது; ஒரு கலர் இன்னொன்றோடு கலக்கவே நேரமில்லை. ஏப்ரலில் வேறு கூத்து. பனி ஓரமாகக் குரோக்கஸ் பூவை வரையப் போனேன். (அது உடம்பெல்லாம் ரோமம் போர்த்திக்கொண்டுதான் வெளியே வரும். என்னைவிடக் கெட்டி.) தீட்டின ஊதா காகிதத்திலேயே உறைந்து இறகு இறகாகக் கோடு விழுந்துவிட்டது. கண்காட்சியில் அந்தப் படத்துக்குத்தான் ஏக மரியாதை! "இந்த உத்தியை எங்கே கற்றீர்கள்?" என்றார்கள். இந்தியாவில் என்று சொல்லிவிட்டேன்.

லில்லியின் நிறம்தான் படுத்துகிறது. சிவப்பும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. கலந்து கலந்து ஐந்து தாள் வீண். ஆறாவதில் சரியாக விழுந்ததும், எங்கேயோ பார்த்த கலராக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா கல்யாணத்துக்கு நீ ராத்திரி முழுக்கத் தொடுத்த கனகாம்பரம். அப்புறம் கொஞ்ச நேரம் வரையவில்லை. கொசுவுக்கு நல்ல விருந்து.

அந்த ஆறாவது தாளைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். இதழடியில் இருக்கும் கரும்புள்ளியெல்லாம் பூவினுடையது. கால் முளைத்த ஒரு புள்ளி மட்டும் கொசு. போன தடவை மாதிரி இதை பூஜை அறையில் மாட்டி சந்தனம் குங்குமம் வைக்காதே. தண்ணீர் தெளித்தால் பூ கரைந்து சுவரோடு வழியும்.

நந்தியாவட்டை மாமி சௌக்கியமா? அந்தச் செடி இன்னும் இருக்கிறதா?

உன்,
சின்னவள்