வங்கியில் கொஞ்சம், சீட்டில் கொஞ்சம்

ரொறன்ரோத் தமிழரின் சேமிப்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை. கொஞ்சம் கனடிய வங்கியில், கொஞ்சம் ஸ்காபரோவில் யாரோ ஒருவரின் பேஸ்மன்டில் நடக்கும் சீட்டில், கொஞ்சம் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ நிலையான வைப்பில், மிச்சம் மனைவியின் கழுத்தில். மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் கணவர் ஒரு தொகை சொல்வார், மனைவி ஒரு தொகை சொல்வார்; இரண்டும் ஒத்துப்போவதில்லை. பிறநாட்டில் வாழும் ஆங்கிலேயர் ஜெர்சித் தீவிலும் மான் தீவிலும் கணக்குத் திறந்து, ஆலோசகருக்குக் கட்டணமும் கட்டுவார். தமிழருக்கு அந்தச் செலவு இல்லை. மாமா இருக்கிறார், மச்சான் இருக்கிறார், கோயிலில் பக்கத்தில் நின்று கும்பிடுபவரும் இருக்கிறார்.

முதலில் சாதாரண வங்கிக் கணக்கு. ஐந்து பெரிய வங்கிகளும் புதிதாக வந்தவருக்கு முதல் ஆண்டில் மாதக் கட்டணம் இல்லை என்பது போன்ற சலுகைகளைத் தரும். ஆண்டு முடிந்ததும் கட்டணம் ஓசைப்படாமல் வந்து உட்காரும். வங்கியைத் தேர்ந்தெடுக்கும் முறை எளிது: எந்தக் கிளையில் தமிழ் பேசும் அலுவலர் இருக்கிறாரோ அதுவே நல்ல வங்கி. அவர் வேறு கிளைக்கு மாறினால் கணக்கும் கூடவே மாறுவதுண்டு. பாரத ஸ்டேட் வங்கியின் கனடியக் கிளை நிறுவனம் 1982 முதலும் ஐசிஐசிஐயின் கனடிய வங்கி 2003 முதலும் இங்கே இயங்குகின்றன. அங்கே போட்ட காசு இந்தியாவில் இருக்கிறது என்று சிலர் பெருமையாகவும் சிலர் பயத்துடனும் நம்புகிறார்கள். இரண்டும் கனடிய நிறுவனங்கள். 1967-இல் அமைந்த கனடிய வைப்புக் காப்புறுதிக் கழகத்தின் உறுப்பினர்கள். ஒரு வங்கியில் ஒருவகைக் கணக்குக்கு 100,000 டொலர் வரை அந்தக் கழகம் பொறுப்பு.

அடுத்தது ரி.எஃப்.எஸ்.ஏ என்னும் வரியில்லாச் சேமிப்புக் கணக்கு. இது 2009-இல் ஆண்டுக்கு 5,000 டொலர் வரம்புடன் தொடங்கியது. 2015-இல் மட்டும் 10,000 ஆக உயர்ந்து, பிறகு இறங்கி, 2024-இலும் 2025-இலும் 7,000 ஆனது. தொடக்கத்திலிருந்தே 18 வயது கடந்து கனடாவில் வாழ்ந்து வருபவருக்கு 2025 வரை சேர்ந்த வரம்பு 102,000 டொலர். மாமா அந்த ரகம். அவர் தம் மருமகனிடம், "ஒரு லட்சம் வரைக்கும் போடலாம் தம்பி, ஒருத்தரும் ஒன்றும் கேட்கமாட்டினம்" என்கிறார். மருமகன் 2023-இல் வந்தவர். வரம்பு கனடாவில் குடியேறிய ஆண்டிலிருந்துதான் சேரத் தொடங்கும். ஆகவே அவருக்கு 2025 வரை 6,500, 7,000, 7,000 என 20,500 மட்டுமே. ஊரில் காணி விற்ற காசில் ஒரு லட்சத்தைப் போட்டால் மிகையான 79,500-க்கு மாதம் ஒரு சதவீதம், அதாவது 795 டொலர், அபராத வரி. வரியில்லாக் கணக்கில் வரி கட்டும் இந்தச் சாதனைக்கு வேறொரு வழியும் உண்டு. வைகாசியில் எடுத்த காசை ஆவணியில் திரும்பப் போடுவது. எடுத்த தொகைக்கான இடம் அடுத்த ஜனவரி முதலாம் திகதிதான் திரும்பக் கிடைக்கும். அதற்குள் வேறு வரம்பு மீதி இல்லாதவர் அவசரப்பட்டால் அதே ஒரு சதவீதம்தான்.

ஆர்.ஆர்.எஸ்.பி ஓய்வுக்காலச் சேமிப்பு. 1957 முதல் உள்ளது. முந்தைய ஆண்டு உழைப்பில் 18 சதவீதம் வரை, அரசு விதிக்கும் உச்சவரம்புக்குள் போடலாம். போடும்போது வரி குறையும், எடுக்கும்போது வரி கட்டவேண்டும், 71 வயதாகும் ஆண்டின் முடிவில் மூடவேண்டும். ரொறன்ரோத் தமிழர் இதை ஓய்வுடன் தொடர்புபடுத்துவது குறைவு. முதல் வீடு வாங்க இதிலிருந்து 60,000 டொலர் வரை வரியின்றி எடுக்கலாம் என்ற ஒரு பிரிவுதான் அவருக்கு முழுச் சட்டமும். அதே நோக்கத்துக்காக 2023 ஏப்ரலில் வந்த எஃப்.எச்.எஸ்.ஏ ஆண்டுக்கு 8,000, வாழ்நாளில் 40,000 வரை ஏற்கும். போடும்போதும் வரிச் சலுகை, வீட்டுக்கு எடுக்கும்போதும் வரி இல்லை. இவ்வளவு நல்லது என்பதாலேயே பலர் இன்னும் நம்பவில்லை.

பிள்ளைகளின் படிப்புக்கு ஆர்.ஈ.எஸ்.பி. ஆண்டுக்கு 2,500 டொலர் போட்டால் அரசு 500 தருகிறது. ஒரு பிள்ளைக்கு மொத்தம் 7,200 வரை. பிள்ளை மேற்படிப்புக்குப் போகாவிட்டால் அரசின் பங்கு திரும்பிப் போய்விடும் என்று ஒரு விதி உண்டு. தமிழ்ப் பெற்றோர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. தங்களுக்குப் பொருந்தாதது என்று கடந்துவிடுவார்கள். இந்தத் திட்டம் வங்கியில் கேட்டாலே கிடைக்கும். ஆனாலும் பெரும்பாலும் சாமத்தியவீட்டில் விற்கப்படுகிறது. மண்டபத்தில் றோல்ஸும் வடையும் முடிந்து, மணவறையில் படம் எடுக்கும் வரிசை நகராமல் நிற்கும்போது, உறவினர் ஒருவர் பக்கத்துக் கதிரையில் வந்து அமர்ந்து, "பிள்ளைக்கு இப்ப எத்தனை வயது?" என்று கேட்பார். அக்கறை போலத்தான் இருக்கும். ஐந்தாவது நிமிடத்தில் கோப்பு வெளியே வரும். அவர் விற்பது பெரும்பாலும் கூட்டுத் திட்டம். முதல் ஆண்டுகளில் கட்டும் காசில் ஒரு நல்ல பங்கு சேர்வுக் கட்டணமாகப் போய்விடும். கையெழுத்திட்ட 60 நாளுக்குள் விலகினால் முழுத்தொகையும் திரும்பும். உறவு திரும்புமா என்பது ஒப்பந்தத்தில் இல்லை.

சீட்டைப் பற்றி எந்த வங்கிக் கையேடும் பேசுவதில்லை. ஆகவே விரிவாகச் சொல்லவேண்டும். இருபது பேர், மாதம் 500 டொலர், இருபது மாதம் என்று வைப்போம். முதல் மாதத்துப் 10,000 டொலர் கழிவின்றிச் சீட்டுப் பிடிப்பவருக்கு. அடுத்த மாதம் முதல் அவசரம் உள்ளவர் கழிவு கூறலாம். ஒருவர் 2,000 விட்டுக்கொடுத்து 8,000 எடுக்கச் சம்மதித்தால், அந்த 2,000 இருபதாகப் பிரிந்து ஆளுக்கு 100 குறையும். அந்த மாதம் எல்லோரும் 400 கட்டினால் போதும். கடைசிவரை பொறுத்திருப்பவருக்கு முழுப் பத்தாயிரம் கிடைக்கும். அவர் கட்டியிருப்பது அதைவிடக் குறைவு. அவசரக்காரருக்குக் கடன், பொறுமைசாலிக்கு வட்டி, நடத்துபவருக்கு வட்டியில்லாத முதற்பணம். தேநீர் மட்டும் எல்லோருக்கும் பொது.

கழிவு கூறும் இரவு கவனிக்கத் தக்கது. எழுநூறு, எண்ணூறு என்று மெல்ல ஏறிக்கொண்டிருக்கையில் ஒருவர் திடீரென்று ஆயிரத்து ஐந்நூறு என்பார். வீடு வாங்குகிறாரா, வேலை போய்விட்டதா, மகளுக்குக் கலியாணமா என்று மற்றப் பத்தொன்பது வீட்டிலும் அன்றிரவே ஆராயப்படும். கடன் மதிப்பெண் போடும் எந்த நிறுவனமும் இவ்வளவு விரைவாக அறிக்கை தருவதில்லை. அந்த மதிப்பெண் இன்னும் பிறக்காத புதியவருக்கு வங்கி கடன் தர யோசிக்கும் காலத்தில் சீட்டு பெரிய உதவிதான். அது இன்றும் உயிரோடு இருப்பதற்குக் காரணமும் அதுவே. ஆனால் இந்தியாவில் சீட்டு நிதிகளுக்கென 1982-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு, பதிவு உண்டு, பிணை உண்டு. பேஸ்மன்டில் ஒரு கொப்பி உண்டு. கொப்பியின் சொந்தக்காரர் இரவோடிரவாக வேறு மாகாணத்துக்குப் போனால் வைப்புக் காப்புறுதிக் கழகம் அவரைத் தேடிப் போகாது. வேறு கணக்கு எதுவும் திறக்க முடியாதவருக்குச் சீட்டு நல்லது. திறக்க முடிந்தவருக்கு அது பொழுதுபோக்கு.

ஊருக்குக் காசு அனுப்ப உண்டியல் என்று ஒரு முறை நெடுங்காலமாக இருந்துவருகிறது. இங்கே ஒருவர் கையில் கொடுத்தால், ஒரு தொலைபேசி அழைப்பில், அங்கே வீட்டு வாசலில் காசு வந்துசேரும். கனடாவில் காசு அனுப்பும் தொழில் செய்பவர் ஃபின்ட்ராக் என்ற அமைப்பில் பதிவு செய்திருக்கவேண்டும். பத்தாயிரம் டொலரோ அதற்கு மேலோ வெளிநாட்டுக்கு அனுப்பினால் பிடித்துவிடுவார்கள் என்பது ரொறன்ரோவின் நிலைத்த வதந்தி. உண்மையில் அது ஃபின்ட்ராக்குக்கு அறிவிக்கப்படும், அவ்வளவுதான். அதற்குப் பயந்து காலையில் 6,000, மாலையில் 5,000 என்று பிரித்து அனுப்பினாலும், 24 மணி நேரத்துக்குள் போனதைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். நேர்மையாக உழைத்த காசைச் சந்தேகத்துக்கு உரியதாக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

ஊரில் வைக்கும் வைப்புக்கு வருவோம். இலங்கை 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. அந்த ஆண்டு வசந்தத்தில் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. பிறகு வங்கிகள் நிலையான வைப்புக்கு 20 சதவீதத்துக்கும் மேல் வட்டி கொடுத்தன. முந்தைய ஆண்டு ரூபாயில் காசு போட்டவர் வட்டிச் சீட்டைப் பார்த்து மகிழ்ந்தார். டொலரில் மாற்றிப் பார்த்தவர் மகிழவில்லை. இந்தியாவிலிருந்து வந்தவருக்கு மூன்று கணக்குகள்: என்.ஆர்.இ, என்.ஆர்.ஓ, எஃப்.சி.என்.ஆர். கடைசி ஒன்றில் கனடிய டொலராகவே வைக்கலாம், ரூபாய் சரிவு தொடாது. புலம்பெயர்ந்ததும் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ ஆக மாற்றவேண்டும் என்பது விதி. மாற்றாதவர்களைக் கேட்டால், "மனேஜர் எங்க தெருக்காரர்தான்" என்பார்கள்.

இங்கேதான் பெரிய குழப்பம். என்.ஆர்.இ வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. அது இந்தியா கொடுத்த வாக்கு. கனடா அதில் கையெழுத்திடவில்லை. கனடாவில் வதிபவர் உலகில் எங்கே வட்டி வாங்கினாலும் இங்கே காட்டவேண்டும். லண்டனில் பத்து வருடம் இருந்துவிட்டு ரொறன்ரோ வந்த தமிழருக்கும் இதே கதை: அவருடைய ஐஸா கணக்கு பிரித்தானியாவில் வரியற்றது, இங்கே வரிக்குரியது, புதிதாகக் காசு போடவும் முடியாது. ஆங்கிலேயருக்கும் விலக்கில்லை. பிரித்தானிய அரச ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு கனடாவில் வாழ்பவரின் தொகை ஆண்டுதோறும் உயராமல் உறைந்தே கிடக்கிறது. இதே காரணத்தால் ரொறன்ரோவில் தமிழ் ஓய்வூதியரும் வெள்ளை ஓய்வூதியரும் லண்டனை ஒரே சுருதியில் திட்டுகிறார்கள்.

வெளிநாட்டுச் சொத்தின் அடக்கவிலை ஆண்டின் எந்த நாளிலாவது 100,000 டொலரைத் தாண்டினால் ரி-1135 என்ற படிவம் நிரப்பவேண்டும். வைப்பு, பங்கு, வாடகைக்கு விட்ட வீடு எல்லாம் கணக்கில் வரும். லீவுக்குப் போய்த் தங்குவதற்கென்றே வைத்திருக்கும் நல்லூர் வீடும் அணியும் நகையும் வராது. புதிதாகக் குடியேறியவருக்கு, குடியேறிய நாளின் சந்தை விலையே அடக்கவிலை. முதல் ஆண்டு படிவமும் தேவையில்லை. இது வரி அல்ல, வெறும் தகவல். இருந்தும் கொடுக்காமல் விட்டால் நாளொன்றுக்கு 25 டொலர் வீதம் 2,500 வரை அபராதம். கடைசி நாள் வருமான வரிப் படிவத்துக்கு உரியதேதான்: ஏப்ரல் 30, சொந்தத் தொழில் செய்பவருக்கு ஜூன் 15.