முட்டி போட்ட தலைமை நீதிபதி

எட்வர்ட் கோக் என்று எழுதி 'குக்' என்று படிக்க வேண்டும். குளிர்பானமும் அல்ல, சமையல்காரரும் அல்ல. 1606-இல் இங்கிலாந்தின் 'காமன் ப்ளீஸ்' நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியானவர். பெயர்தான் தலைமை. அரசர் முகம் சுளித்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அரசர் முதலாம் ஜேம்ஸ், தன்னைப் பெரிய படிப்பாளி என்று நம்பியவர். பாதி உண்மையும்கூட. திருச்சபை நீதிமன்றங்களின் வழக்குகளுக்குக் கோக்கின் ஆட்கள் தடை போட்டுத் தள்ளிய எரிச்சலில், ஆர்ச்பிஷப் பேன்கிராஃப்ட் அரசருக்குத் தூபம் போட்டார். ஒரு நாள் நீதிபதிகளைக் கூப்பிட்டு அரசர் கேட்டார்: சட்டம் அறிவின் மேல்தானே நிற்கிறது? அறிவு எனக்கும் இருக்கிறதே, நானே தீர்ப்புச் சொன்னால் என்ன?

ஆண்டவன் தங்களுக்கு அறிவை அள்ளிக் கொடுத்திருக்கிறான், ஆனால் சட்டத்துக்கு வேண்டியது பல வருஷம் படித்தும் பழகியும் வருகிற வேறு அறிவு என்றார் கோக். அதாவது, மூளை இருக்கிறது, தொழில் தெரியாது. அப்படியானால் நான் சட்டத்துக்குக் கீழா, இது ராஜதுரோகம் என்று அரசர் கொதிக்க, கோக் 13-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிராக்டனை எடுத்து விட்டார்: அரசர் எந்த மனிதனுக்கும் கீழே இல்லை, கடவுளுக்கும் சட்டத்துக்கும் கீழேதான்.

மெய்சிலிர்க்கிறதா? இருங்கள், இதை எழுதியவர் கோக். தன் கல்யாணத்துக்குத் தானே நாதஸ்வரம். அந்தக் காலத்துக் கடிதம் ஒன்று வேறு கதை சொல்கிறது: அரசர் முஷ்டியை ஓங்க, தலைமை நீதிபதி தரையில் நாலு காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாராம். கோக்கின் மனைவியின் சித்தப்பாவான அமைச்சர் ராபர்ட் சிசிலும் மண்டியிட்டுக் கெஞ்சிய பிறகே ராஜகோபம் தணிந்ததாம். பிராக்டன் காப்பாற்றவில்லை, பெண் எடுத்த வீடு காப்பாற்றியது.

1613-இல் அரசு வழக்கறிஞர் பிரான்சிஸ் பேக்கன் அரசருக்கு ஒரு யோசனை சொன்னார்: கோக்கை 'கிங்ஸ் பெஞ்ச்' தலைமை நீதிபதியாக்கி விடுங்கள். அந்தஸ்து கூடும், வரும்படி குறையும், அரசர் பக்கம் சாயவும் கூடும். அப்படியே நடந்தது. இதெல்லாம் உன் வேலை என்று கோக் பாய்ந்தபோது, இத்தனை நாள் அகலத்தில் வளர்ந்தீர்கள், இனி உயரத்திலும் வளருங்கள் என்று பேக்கன் பதில் சொன்னாராம். ஒரே பெண்ணுக்கு இருவரும் முயன்று, கோக் கட்டிக்கொண்டு போன பழைய கணக்கும் பாக்கி இருந்தது.

சாய்ந்தாரா? 1616 ஏப்ரலில் ஒரு பிஷப்பின் மானிய வழக்கில், தன்னைக் கேட்கும்வரை விசாரணையை நிறுத்தச் சொன்னார் அரசர். நீதிபதிகள் 12 பேரும், அந்த உத்தரவு சட்டத்துக்குப் புறம்பானது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். ஜூனில் அரசர் கூப்பிட்டார். 12 பேரும் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளைப் போல முட்டி போட்டார்கள். இனி நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா? 11 தலைகள் ஆடின. 12-வது தலை கோக்குடையது. முட்டியில் நின்றபடியே, அப்படி ஒரு வழக்கு வரும்போது நீதிபதிக்குத் தகுந்ததைச் செய்வேன் என்றது.

உடனே வேலையை விட்டுத் தூக்கவில்லை. முதலில் இம்போசிஷன்: நீங்கள் வெளியிட்ட தீர்ப்புத் தொகுப்புகளில் பிழைகள் மலிந்திருக்கின்றன, திருத்திக்கொண்டு வாருங்கள். மொத்தம் 11 தொகுதிகள், சுமார் 500 வழக்குகள். கோடை முழுக்க உட்கார்ந்து புரட்டிவிட்டு வந்தார் கோக். கண்டுபிடித்த பிழைகள் ஐந்து, ஐந்தும் அற்பமானவை.

நவம்பரில் சீட்டுக் கிழிந்தது.