காரே அப்ரூவர்!

கேள்வி: அமெரிக்காவில் காரை சர்வீஸுக்கு விட்டால், நான் ஓட்டிய வேகமெல்லாம் டீலருக்குத் தெரிந்துவிடுமா?

பதில்: ஓரளவுக்குத் தெரியும். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் ஒன்று இருக்கிறது. 1996 மாடலிலிருந்து பெட்ரோல் கார்களில் அது கட்டாயம். அதில் ஸ்கேனரைச் செருகியதும் கார் அப்ரூவராகிவிடும்! கோளாறு விழுந்த நொடியில் இன்ஜின் சுற்று என்ன, வேகம் என்ன என்பதுவரை கக்கிவிடும். ரிப்பேருக்கு அது தேவை, படிக்கட்டும்.

விபத்துக்கு முந்தைய சில விநாடிகளின் வேகம், பிரேக், சீட் பெல்ட் விவரங்களைப் பதியும் கருவி வேறு. அந்தத் தகவல் கார் உரிமையாளருக்கே சொந்தம் என்கிறது 2015-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். கோர்ட் உத்தரவு போன்ற சில விலக்குகள் போக, டீலர் அதை எடுக்க உங்கள் சம்மதம் வேண்டும். அது சர்வீஸ் படிவத்தின் பொடி எழுத்தில் பதுங்கியிருக்கலாம். சாவியை நீட்டுமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். எதற்கு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.