‘சும்மா ஓடினேன்’: அடுகோடியிலிருந்து ஓர் அரை மாரத்தான் ஆராய்ச்சி

ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர். ஒரு காலத்தில் 800 மீட்டரை 1 நிமிடம் 52 விநாடியில் ஓடியவர். போன ஞாயிற்றுக்கிழமை 21 கிலோமீட்டரை 1 மணி 42 நிமிடத்தில் ஓடி முடித்தார். இது நல்ல டைமா, சுமாரா, வெளியே சொல்லக் கூடாததா? பெங்களூருவின் அடுகோடி சிக்னலுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் இந்தக் கேள்வியைப் போட்டால் மூன்று டீ ஆறிப்போகும், விடை வராது. சங்கம் வைத்துத் தமிழாய்ந்த சமூகம் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டது பெருங்குறை. அதைத் தீர்க்கவே இக்கட்டுரை.

முதலில் ஆளைப் பற்றி. அகத்திணையில் தலைவனின் பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருப்பதால் இங்கேயும் பெயர் தரப்படவில்லை. தவிர, அவர் ஒரே ஆளும் அல்ல, பலரைச் சேர்த்துப் பிசைந்த ஓர் உருவம். பெங்களூருவில் பொதுத்துறை ஆலைகளும் ரயில்வேயும் போலீசும், அல்சூரில் ‘தம்பி’கள் என்று செல்லமாக அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையும் ஓடத் தெரிந்த பையன்களைத் தேடிப் பிடித்து வேலை கொடுத்த காலம் ஒன்று உண்டு. கந்தீரவா ஸ்டேடியத்தில் ஸ்பைக்ஸ் தேய ஓடிய அந்தப் பையன்கள் இன்று வில்சன் கார்டன், லக்கசந்திரா, அடுகோடிப் பக்கம் மாடி வீடுகளில் பிபி மாத்திரையோடு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத் ‘தலைவர்’ என்று குறிப்போம். கட்சிக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தலைவர் ஓடியது நடுத்தர தூரம். பெயரிலேயே அதன் தலையெழுத்து இருக்கிறது. நூறு மீட்டரின் பளபளப்பும் அதற்குக் கிடையாது, மாரத்தான் என்றதும் கேட்பவர் வாயிலிருந்து வரும் ‘அடேயப்பா’வும் கிடையாது. நடுத்தர வர்க்கம் போலவே, கஷ்டம் முழுசாக உண்டு, கைத்தட்டல் பாதிதான். இவர்கள் இரண்டு தடவை ரிட்டயர் ஆகிறவர்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. இருபத்தெட்டு வயதில் ட்ராக்கிலிருந்து ஒரு தடவை, அறுபதில் ஆபீசிலிருந்து இன்னொரு தடவை. தலைவர் இப்போது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். அங்கேயும் நடுத்தரம்தான்.

அடுத்தது ‘ஹாஃப்’ என்னும் சொல். அடுகோடியில் ஒருவர், “சண்டே ஒரு ஹாஃப் அடிச்சேன்” என்று சொன்னால் உடனே கை குலுக்கிவிடக் கூடாது. 375 மில்லியா, 21.0975 கிலோமீட்டரா என்று கேட்டுத் தெளிய வேண்டும். இரண்டுக்கும் மறுநாள் காலை நடை ஒரே மாதிரி இருப்பதால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். அந்த விநோதமான 97.5 மீட்டர் எங்கிருந்து வந்தது என்றால், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மாரத்தானை விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரச குடும்பத்தின் இருக்கைக்கு எதிரே முடித்தார்கள். அளந்தால் 42.195 கிலோமீட்டர் வந்தது. 1921-இல் அதையே நிரந்தரமாக்கினார்கள். ஆக, எட்வர்ட் மன்னர் குடும்பத்தின் சௌகரியத்தில் பாதியைத் தலைவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடியிருக்கிறார்.

அதிலும் ஒரு சின்ன அநியாயம் உண்டு. முறையாக அளக்கப்படும் ஓட்டப்பாதையை, சைக்கிள் சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் கருவியைப் பொருத்தி ஓட்டி அளப்பார்கள். எக்காரணம் கொண்டும் பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் கூடுதலாகப் போடுவார்கள். கறிகாய்க்காரர் கொசுறு போடுகிற மாதிரி, ஆனால் வாங்குகிறவர் கேட்காத கொசுறு. ஹாஃபுக்கு 21 மீட்டர். தலைவரின் வேகத்தில் ஆறு விநாடி. 800 மீட்டர் ஓடிய காலத்தில் ஆறு விநாடி என்றால் ஃபைனலுக்கும் வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம். இப்போது அது ஷூ லேஸ் கட்டும் நேரம்.

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். டைம் கேட்டபோது தலைவர் சொன்னது வெறும் “ஒன் ஃபார்ட்டி டூ” அல்ல. “சும்மா ஓடினேன், ஒன் ஃபார்ட்டி டூ” என்றார்.

சும்மா என்பது இடைச்சொல்லா உரிச்சொல்லா என்ற வழக்கைப் புலவர்களிடம் விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது பொருள். காசில்லாமல் என்பது ஒரு பொருள் (“சும்மா குடுத்தான்”). காரணமில்லாமல் என்பது இன்னொன்று (“சும்மா வந்தேன்”). பொய்யாக என்பது மூன்றாவது (“சும்மா சொன்னேன்”). ஓயாமல் என்பது நான்காவது (“சும்மா சும்மா கூப்பிடாதே”). தாயுமானவர் போன்றோர் கையில் அது சொல்லும் செயலும் அடங்கிய நிலையாகிறது. இதே பெங்களூருவில் பஸ் கண்டக்டராக இருந்த ரஜினிகாந்த் 2007-இல் ‘சிவாஜி’ படத்தில் பேசியபோது, பூமி அதிரும் அளவு பலமாக என்ற பொருளும் அதற்கு ஏறிவிட்டது. ஆகவே “சும்மா ஓடினேன்” என்பதற்கு, பயிற்சியில்லாமல் ஓடினேன், நண்பர் வராமல்போனதால் அவர் நம்பரைக் குத்திக்கொண்டு பணம் கட்டாமல் ஓடினேன், உண்மையில் உயிரைக் கொடுத்து ஓடினேன், இதெல்லாம் பொய் என்று நான்கு உரை கொள்ளலாம். நான்குமே இலக்கணப்படி சரி.

இதைக் கணக்கில் கொண்டுவர இக்கட்டுரையாளர் ‘சும்மாக் கெழு’ என்ற ஒன்றை முன்மொழிகிறார். டைமைச் சொல்லி, அதைக் கேட்டவர் முகம் சுருங்கிய பிறகு வரும் சும்மாவுக்கு மதிப்பு சுழியம். டைமோடு சேர்ந்து வருவதற்கு ஐந்து நிமிடத் தள்ளுபடி. யாரும் கேட்காமலே, டைமுக்கு முன்னால் வந்து நிற்கும் சும்மா ஐயத்துக்குரியது. நான்கு மாதம் விடியற்காலை லால்பாகைச் சுற்றி ஓடியவர் மட்டுமே அப்படிச் சொல்வார்.

கணக்கு என்றதும் பீட்டர் ரீகல் வந்துவிடுகிறார். அமெரிக்க எஞ்சினியர். ஒரு தூரத்தில் எடுத்த டைமை வைத்து இன்னொரு தூரத்துக்கு டைம் சொல்லும் சூத்திரத்தை 1977-இல் வெளியிட்டார். இரண்டு தூரங்களின் விகிதத்தை 1.06 என்ற அடுக்குக்கு உயர்த்திப் பழைய டைமால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்று ஓட்டக்காரர்கள் இணையத்தில் தட்டிப் பார்க்கும் கணக்குப் பொறிகள் பலவற்றின் வயிற்றில் இந்தச் சூத்திரம்தான் இருக்கிறது.

தலைவரின் 1:52-ஐ அதில் போட்டால் ஹாஃபுக்கு 59 நிமிடம் 54 விநாடி என்று வருகிறது. விபரீதம் இங்கே தொடங்குகிறது. இந்தியாவின் அரை மாரத்தான் சாதனையாக அவினாஷ் சாப்ளே 2020 நவம்பரில் டெல்லியில் ஓடியது 1 மணி 30 விநாடி. ஆக, அடுகோடித் தலைவர் அன்றைக்கே மனது வைத்திருந்தால் தேசிய சாதனை. இன்னும் மேலே போவோம். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதியில் முதல் சுற்றை முன்னால் நின்று இழுத்துக்கொண்டு ஓடியவர் ஸ்ரீராம் சிங். கியூபாவின் ஹுவாந்தொரேனா உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். ஸ்ரீராம் சிங் ஏழாவது, 1:45.77. அந்த டைம் 42 ஆண்டுகள் தேசிய சாதனையாக நின்று, 2018-இல்தான் ஜின்சன் ஜான்சன் காலில் விழுந்தது. அதைச் சூத்திரத்தில் போட்டால் ஹாஃபுக்கு 56 நிமிடம் 34 விநாடி! வலென்சியாவில் 2024-இல் யோமிஃப் கெஜெல்சா உலக சாதனையாக ஓடிய 57:30-ஐ நம் ஸ்ரீராம் சிங் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே தாண்டியிருக்க வேண்டும்.

ரீகல் மேல் தப்பில்லை. மூன்றரை நிமிடத்துக்குக் குறைந்த ஓட்டங்களுக்குச் சூத்திரம் பொருந்தாது என்று அவரே எல்லை கட்டியிருக்கிறார். கணக்குப் பொறிகளில் எல்லாரும் எண்ணைத் தட்டுகிறார்கள், எல்லையை யாரும் படிப்பதில்லை. உடம்பின் பொருளாதாரமே இங்கே வேறு. 800 மீட்டரில் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன் வந்து சேருமுன் தசை வாங்கும் கைமாத்து. கடைசி நூறு மீட்டரில் கடன்காரன் கழுத்தைப் பிடிப்பதற்குள் கோட்டைத் தாண்டிவிட வேண்டும். ஹாஃபில் கைமாத்து கிடையாது. மாசச் சம்பளத்தில் ஓட்ட வேண்டிய குடும்பம் அது. கைமாத்தில் கெட்டிக்காரர் என்பதற்காக ஒருவர் சம்பளத்தில் சமர்த்தாக இருப்பார் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சான்றுக்கு மூன்று பேர். பிரிட்டனின் ஸ்டீவ் ஓவெட் 1977 ஆகஸ்டில், இருபத்தொரு வயதில், பெரிய திட்டம் எதுவுமில்லாமல் டார்ட்ஃபோர்டில் ஒரு ஹாஃப் ஓடினார். 65 நிமிடம் சொச்சம். அடுத்த மாதமே டுசெல்டார்ஃப் உலகக் கோப்பையில் 1500 மீட்டரை 3:34.45-இல் வென்றார். அதன்படி சூத்திரம் அவரிடம் 59 நிமிடத்துக்குள் எதிர்பார்த்தது. உலகின் தலைசிறந்த காலுக்கே, உச்ச வயதிலேயே, ஆறு நிமிடத்துக்கு மேல் பாக்கி.

நார்வேயின் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் கதை இன்னும் ருசி. 2024 செப்டம்பர் 13-இல் பிரஸ்ஸல்ஸில் 1500 மீட்டர் டைமண்ட் லீக் பட்டம். ஒரு நாள் விட்டு 15-ஆம் தேதி கோபன்ஹேகனில் முதல் ஹாஃப். பத்துக் கிலோமீட்டரை 27:27-இல் கடந்தார், அதாவது கிலோமீட்டருக்கு 2:45. மீதிப் பதினொன்று கிலோமீட்டருக்கு எடுத்தது கிலோமீட்டருக்கு 3:13. மொத்தம் 63:13, முப்பத்து நான்காவது இடம். பாரிஸில் 5000 மீட்டர் தங்கம் வாங்கி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. சம்பளம் பத்தாம் தேதியே தீர்ந்துபோனவரின் மாசக் கணக்கு அப்படியே இந்த எண்களில் தெரிகிறது.

நம் தலைவருக்கு நெருங்கிய உறவு மூன்றாமவர்தான். கெல்லி ஹோம்ஸ், 2004 ஏதென்ஸில் 800, 1500 இரண்டிலும் தங்கம். ஓய்வு பெற்றுப் பத்தாண்டுக்குப் பிறகு, 46 வயதில், 2016 லண்டன் மாரத்தானை 3 மணி 11 நிமிடத்தில் முடித்தார். அதை ஹாஃபாகச் சுருக்கினால் சுமார் 1 மணி 32 நிமிடம். அவருடைய 800 மீட்டர் சாதனை டைமைச் சூத்திரத்தில் போட்டாலோ 62:09. லெட்டெசென்பெட் கிடே 2021-இல் ஓடிய பெண்கள் உலக சாதனையையே மிஞ்சும். இடைவெளி அரை மணி நேரம். இரட்டைத் தங்கக்காரருக்கு அரை மணி என்றால், ஆறு வயது மூத்த, மைக்கோ ஆலை வாசலில் போண்டா தின்று வளர்ந்த தலைவருக்கு 42 நிமிட இடைவெளி ஒன்றும் அடாத காரியமல்ல. கௌரவமான டைம் என்பதே இக்கட்டுரையாளரின் தீர்ப்பு.

ஆனால் டீக்கடையில் தீர்ப்பு அப்படி வருவதில்லை.

டீ மாஸ்டர் ஓசூர் ரோட்டை வைத்து அளக்கிறார். இங்கிருந்து 21 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ சந்தாபுரம். ஆபீஸ் விடும் நேரத்தில் சில்க் போர்டைத் தாண்டி அங்கே போக எவ்வளவு ஆகும் என்பது அவருக்குத் தெரியும். “ஒன்றே முக்கா மணியா? பஸ்ஸை விட பரவாயில்ல சார்” என்றார். இதுவரை வந்ததில் நேர்மையான பாராட்டு இதுதான்.

கோரமங்களாவிலிருந்து வந்த ஐ.டி. பையன் கையில் வாட்ச். “பேஸ் என்ன அங்கிள்? நாலு ஐம்பதா? சூப்பர், நான் இன்னும் சப்-டூ, அதான் ரெண்டு மணிக்குள்ள, போகல” என்கிறான். அங்கிள் என்ற சொல்லுக்கு முன்னால் சூப்பர் என்ற சொல் நிற்பதில்லை. தலைவருக்குக் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்கிற பேஸ் புரிவதும் இல்லை. அவர் காலத்தில் லேப் டைம்தான். முதல் லேப் 54, இரண்டாவது 58. வாட்சைப் பார்த்தபடி யாரும் ஓடியதில்லை, கோச் புல்வெளியில் நின்று கத்துவார்.

கடைசியில் வந்தவர் அதே ட்ராக்கில் கூட ஓடிய பழைய சிநேகிதர், இப்போது தொப்பையும் ஸ்கூட்டரும். டைமைக் கேட்டுவிட்டு வாயைப் பிளந்தார். “நூத்தி ரெண்டு நிமிஷமா! என்னடா பண்ணே ரோட்ல அவ்ளோ நேரம்? அந்த நேரத்துல நம்ம ஐம்பத்து நாலு ரேஸ் முடிச்சிருப்போமே!” கணக்கு சரி. தலைவர் மற்ற இருவருக்கும் சொன்ன சும்மாவை இவரிடம் மட்டும் சொல்லவில்லை. டீயைக் குடித்தார்.

மூன்று பேரும் வேறு வேறு அளவுகோலால் அளந்தார்கள். தலைவர் மனதில் இருப்பதோ நான்காவது. 1995 வாக்கில் கந்தீரவாவில் ஒரு சாயங்காலம் கடைசி வளைவில் தனக்கு முன்னால் போன நீல ஜெர்சி. அதைப் பிடித்திருந்தால் 1:51. ஹாஃபில் 17-ஆவது கிலோமீட்டரில், மூச்சு வாங்கியபடி, ஒரு கல்லூரிப் பையனின் முதுகை அவர் காரணமில்லாமல் நூறு மீட்டர் துரத்தியதும், பிறகு நடந்ததும், அந்த முதுகு நீலமாக இருந்ததால்தான். இந்தத் துரத்தலில் போனது எப்படியும் ஒரு நிமிடம். டைமில் அந்தத் துரத்தல் தனியாக எங்கேயும் பதிவாகவில்லை.

பதிவாகிற இடம் ஒன்று உண்டு, மாடிப்படி. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. நெடுந்தூரம் ஓடியதன் வலி ஒருநாள், இரண்டு நாள் கழித்துத்தான் முழுசாக வந்து உட்காரும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, பதினெட்டுப் படி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலைவர் பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். கீழே துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா செம்பை நிமிர்த்திப் பிடித்தபடி பார்த்தார்.

“என்ன சார், ரிவர்ஸ்ல வர்றீங்க?”

“சும்மாதாம்மா.”