பொதுமக்கள் பாவனைக்காகப் பூட்டப்பட்டுள்ளது

பூங்காக்களுக்குப் பொறுப்பான பெருமதிப்புக்குரிய அலுவலகத்தாருக்கு,

திருக்கோவிலிலிருந்து எழுதுகிறேன். எந்த அலுவலகம் என்று பெயர் எழுதவில்லை. இந்தக் கரையில் எந்த அலுவலகம் வாசித்தாலும் தனக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளும்.

போன வெள்ளிக்கிழமை, புனரமைத்த பூங்காவைத் திறந்துவைத்த விழா வெகு சிறப்பு. நாடா வெட்டி முடிந்ததும் படத்துக்குப் பொதுமக்கள் தேவைப்பட்டார்கள். தெருவால் போன என்னையும் பேரனையும் ஒரு தம்பி கூப்பிட்டார். "ஐயா, பொடியனை ஊஞ்சலில இருத்துங்க." இருத்தினேன். படம் எடுத்தார்கள். அவன் காலை உந்தி ஆடத் தொடங்கவும் அதே தம்பி வந்து, "காணும் ஐயா, இறக்குங்க, கேற்றைப் பூட்டணும்" என்றார். பொடியன் சங்கிலியை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். வெளியே வந்து பார்த்தால், "பொதுமக்கள் பாவனைக்காகக் கையளிக்கப்பட்டது" என்ற கல்லுக்குப் பக்கத்தில் புத்தம்புது ஆமைப்பூட்டு.

அந்தப் பூட்டைப் பாராட்டவே இந்தக் கடிதம். செவ்வரத்தை பட்டுப்போயிற்று. புல்லுக்கு நடுவே மணல் தெரிகிறது. சறுக்கை உப்புக்காற்று தின்றுவிட்டது. ஓட்டைக்கு மேல் வர்ணம் பூசியிருக்கிறீர்கள். அந்தத் தோட்டத்தில் வேர்பிடித்து நிற்பது பூட்டு ஒன்றுதான். செவ்வரத்தைக்கு வராத தண்ணீருக்கு ஈடாகப் பூட்டுக்கு எண்ணெய் வருகிறது.

இதைக் குறைசொல்பவர்களுக்கு வரலாறு தெரியாது. கொழும்புக் கோட்டையில் கோர்டன் தோட்டம் என்று சின்னதாக ஒன்று உண்டு. ஆளுநர் ஆர்தர் கோர்டன் காலத்தில், விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டிப் பொதுமக்களுக்கென்று உருவானது. அந்த மண்ணில் அதற்கு முன்பு ஒல்லாந்தரின் தேவாலயம் இருந்தது. அங்கே புதைத்திருந்த ஒல்லாந்த ஆளுநர்களின் எலும்புகளை 1813இல் கிளப்பி வோல்வெண்டால் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். துறைமுக வேலையில் அகப்பட்ட, போர்த்துக்கேயச் சின்னம் பொறித்த பாறையையும் பிற்பாடு அந்தத் தோட்டத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். போர்த்துக்கேயர் வந்தது 1505 என்று நாம் பாடமாக்கினோம். பாறையில் தெரிவதோ 1501. கல்லில் வெட்டியதை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு உங்கள் கல்லுக்கு முன்னோடி அதுதான்.

பிறகு என்ன? 1980களில் அந்தத் தோட்டம் ஜனாதிபதி மாளிகையின் வேலிக்குள் போய்விட்டது. வெள்ளைக்காரன் திறந்துவிட்டுப் போனதை நம்மவர்கள் பூட்டினார்கள். அங்கே பெரிய பூட்டு, இங்கே சின்னப் பூட்டு, இனம் ஒன்றுதான். தங்களுடையது அதிலிருந்து எடுத்துவந்து நட்ட கிளையாக இருக்க வேண்டும்.

2022 ஜூலை 9 அன்று சனம் அந்த மாளிகைக்குள் போய் நீச்சல் குளத்தில் குளித்ததை உலகமே பார்த்தது. அன்று பூட்டு எதற்கு உதவியது என்று நான் கேட்கவில்லை. தங்களை வெருட்டுவதற்காகவும் சொல்லவில்லை.

மட்டக்களப்புக் காந்திப் பூங்காவைப் பாருங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்திறங்கிய வாவிக்கரை. கச்சான் கொறிக்கிறவர்கள், பிள்ளையைத் துரத்துகிற தாய்மார், சும்மா இருக்கிற கிழவர்கள். பூட்டு வளர்க்கத் தெரியாதவர்களின் வேலை அது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். சுனாமி வந்து போன இந்தக் கரையில், பிள்ளைகளைக் கடற்கரைக்கு விடவே எத்தனையோ தாய்மார் வருசக்கணக்காகப் பயந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் விட்டுவைத்தது ஒரு ஊஞ்சல். அதிலும் படத்துக்கு மட்டும் ஏறு, படம் முடிந்தால் இறங்கு என்றால், நீங்களெல்லாம் பிள்ளை பெற்றவர்கள்தானா?

மன்னிக்கவும். வெயில் கடுமை. தங்கள் நிர்வாகத் திறமையை யாரும் மறுக்கவில்லை.

ஒரே ஒரு விண்ணப்பம். சாவி காவலாளியிடம் இல்லையாம், எழுதுவினைஞரிடமாம். எழுதுவினைஞர், அது மேலிடத்திலாம் என்கிறார். மேலிடம் லீவாம். அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் பூட்டு எண்ணெய்க்கு ஒதுக்கும்போது இன்னொரு சாவி வெட்டவும் சேர்த்து ஒதுக்கிவிடுங்கள். வெட்டுகூலியை நான் தருகிறேன், பற்றுச்சீட்டும் வேண்டாம்.

இங்ஙனம்,
வரி கட்டுகிற ஒரு கிழவன்